ஏலமலையில் ஏறி இறங்கும் கோடுகள்

விலை வரைபடத்தைப் பார்த்து நாளைய விலையைக் கணித்துவிட முடியுமா? பாலக்காட்டு நெல்லும் இடுக்கி ஏலக்காயும் ஆளுக்கொரு பதில் சொல்கின்றன.

தமிழக எல்லையை ஒட்டிய இரண்டு கேரள மாவட்டங்களில் விளையும் இரண்டு பொருள்களின் விலையை வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். முதலாவது, வாளையாரைத் தாண்டியதும் தொடங்கும் பாலக்காட்டு வயல்களின் நெல். 2022-23, 2023-24, 2024-25 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கேரள அரசின் சப்ளைகோ நிறுவனம் நெல்லுக்கு நிர்ணயித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 28 ரூபாய் 20 காசு. ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு நேர்கோடு.

இரண்டாவது, கம்பமெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் மலையேறினால் வரும் இடுக்கியின் ஏலக்காய். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. 2024 முடியும் தறுவாயில் மறுபடியும் 3,000 ரூபாயை நெருங்கியது. இந்தக் கோட்டை வரைந்தால் அது விளையும் மலையைப் போலவே இருக்கும்: உச்சி, பள்ளத்தாக்கு, மறுபடியும் ஏற்றம்.

வரைபடத்தை வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கு முதல் கோட்டில் வேலையே இல்லை. இரண்டாவது கோடுதான் அவர்களுக்குத் தீனி. எங்கே வாங்கலாம், எங்கே விற்கலாம், எங்கே தப்பித்து ஓடலாம் என்பதை அந்த வளைவுகளே காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த முறைக்கு டெக்னிக்கல் அனாலிசிஸ் என்று பெயர். ஒரு காலத்தில் மும்பைத் தரகர்களின் அறைகளோடு நின்றிருந்த இந்த வித்தை, இன்று செல்போன் வழியாகப் பட்டிதொட்டி எங்கும் வந்துவிட்டது. வித்தையில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஏலமலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஏனென்றால் இங்கே விலை எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியும்.

ஒரு புள்ளி பிறக்கும் விதம்

ஏலக்காய்க்கு இரண்டு பெரிய ஏல மையங்கள். மலைமேல் வண்டன்மேட்டை அடுத்த புற்றடி. மலையடியில் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் இங்கே ஏலம் நடத்துகின்றன. தோட்டக்காரர் கொண்டுவரும் காய் குவியல் குவியலாகப் பதிவாகும். வியாபாரிகளின் கைக்கு மாதிரி வரும். காயின் பருமன், பச்சை நிறம், காய்ந்த பதம் ஆகியவற்றைப் பார்த்து விலை கேட்பார்கள். முன்பு வாயால் கூவிக் கேட்டார்கள். 2007-ல் மின்னணு ஏலம் வந்த பிறகு கம்ப்யூட்டர் முன் அமர்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள்.

ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் வாரியம் ஒரு வரி வெளியிடும்: எத்தனை குவியல், எத்தனை கிலோ வந்தது, எவ்வளவு விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன. அந்த வரிதான் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. ஆண்டுக்கணக்கில் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு கிடைத்துவிடும்.

கோட்டைப் படிக்கும் கலைக்கு வயது அதிகம். ஜப்பானில் ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-லேயே அரசு அங்கீகாரம் கிடைத்திருந்தது. சகாட்டா என்ற ஊரைச் சேர்ந்த 18-ம் நூற்றாண்டு அரிசி வியாபாரி ஹோம்மா முனேஹிசாதான் மெழுகுவர்த்தி வடிவ விலைப் படங்களுக்கு முன்னோடி என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த வடிவம் பிற்காலத்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையை 1889-ல் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லஸ் டவ், பங்கு விலைகளின் போக்கைப் பற்றி எழுதிய தலையங்கங்களே மேற்கத்திய முறைக்கு அடிப்படை. அவர் 1902-ல் இறந்த பிறகு அவற்றை மற்றவர்கள் தொகுத்து 'டவ் கோட்பாடு' ஆக்கினார்கள்.

அடிப்படை நம்பிக்கைகள் மூன்று. ஒன்று, சந்தைக்குத் தெரிந்ததெல்லாம் விலையில் அடங்கியிருக்கிறது. இரண்டு, விலை ஒரு திசையில் கிளம்பினால் சிறிது காலம் அதே திசையில் போகும். மூன்று, மனிதனின் பேராசையும் பயமும் மாறாதவை. ஆகவே பழைய வடிவங்கள் திரும்ப வரும்.

இவற்றிலிருந்து பிறந்த கருவிகள் ஏராளம். விலை இறங்கி வரும்போதெல்லாம் ஏதோ ஓரிடத்தில் தாங்கிக்கொண்டு மேலே திரும்பினால் அது ஆதரவு நிலை. ஏறும்போதெல்லாம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு இறங்கினால் அது தடை நிலை. கடைசி 50 நாள் அல்லது 200 நாள் விலைகளைக் கூட்டி வகுத்தால் வருவது நகரும் சராசரி. அன்றாடக் குலுக்கலை ஒதுக்கிவிட்டுப் போக்கை மட்டும் காட்டுவது அதன் வேலை. ஒரு நாளின் தொடக்க விலை, முடிவு விலை, உச்சம், தாழ்வு நான்கையும் ஒரே குச்சியில் அடக்குவது மெழுகுவர்த்திப் படம். விலை ஓடிய வேகத்தை 0-க்கும் 100-க்கும் இடையே அளக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற கணக்கை 1978-ல் அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர்.

இவற்றில் மந்திரம் ஏதுமில்லை. ஆதரவு நிலை என்று வரைபடம் சொல்வதைத்தான் பழுத்த வியாபாரி, 'இந்த விலைக்கு வந்தால் வடக்கத்தியர்கள் வாங்கிவிடுவார்கள்' என்று மனக்கணக்காகச் சொல்வார்.

கோட்டுக்குத் தெரியாதவை

2018 ஆகஸ்ட் பெருவெள்ளம் இடுக்கியின் ஏலத்தோட்டங்களைச் சிதைத்தது. அடுத்து வந்த கோடையின் வறட்சி மிச்சத்தையும் பாதித்தது. வரத்து குறைய, 2019-ல் விலை எகிறியது. அப்போது வரைபடம் பார்த்தவருக்குக் கிடைத்த செய்தி 'போக்கு மேல்நோக்கி' என்பதுதான். அது சரியான செய்தி. ஏன் என்பதை வரைபடம் சொல்லவில்லை. எப்போது முடியும் என்பதையும் சொல்லவில்லை.

இங்கே முதல் பொறி ஒன்று இருக்கிறது. பத்திரிகைகளில் தலைப்பான 7,000 ரூபாய் என்பது ஏதோ ஒரு நல்ல குவியலுக்குக் கிடைத்த அதிகபட்ச விலை. அதே நாளின் சராசரி விலை அதைவிட வெகுவாகக் கீழே இருந்தது. அதிகபட்ச விலையை வைத்துக் கோடு வரைந்தவருக்குத் தெரிவது ஒரு மலை. சராசரியை வைத்து வரைந்தவருக்குத் தெரிவது இன்னொரு மலை. எந்த எண்ணை எடுத்து வரைந்தது என்று கேட்காமல் எந்த வரைபடத்தையும் நம்பக் கூடாது.

இரண்டாவது பொறி, வரத்துக் கணக்கு. விலை ஏறும்போது கைமாறும் அளவும் கூடினால் ஏற்றம் உறுதியானது என்பது வரைபடக்காரர்களின் பாலபாடம். ஆனால் ஏலத்தில் வாங்கிய காயையே சிலர் மறுபடியும் ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். 'ரீ-பூலிங்' என்று அதற்குப் பெயர். ஒரே காய் இரண்டு முறை எண்ணப்பட்டால் வரத்து அதிகம் போலத் தோன்றும். கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு அது புதுக்காயா, சுற்றி வந்த காயா என்று தெரியாது.

மூன்றாவது பொறி, சந்தை மூடிக்கொள்வது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஏலம் நின்றது. மே மாதக் கடைசியில் மீண்டும் தொடங்கியபோது விலை பழைய இடத்தில் இல்லை. 'இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு' என்று முன்கூட்டியே வைக்கும் எல்லைக்கு ஸ்டாப் லாஸ் என்று பெயர். கதவே திறக்காத சந்தையில் அந்த எல்லை யாரைக் காப்பாற்றும்?

இவற்றுக்கு மேல் கடல் கடந்த காரணங்கள். உலகிலேயே அதிக ஏலக்காய் விளைவிக்கும் நாடு மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. அங்கே விளைச்சல் பெருகினால் வண்டன்மேட்டில் விலை சோரும். சவுதி அரேபியா பெரிய வாடிக்கையாளர். பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று 2018-ல் அது இந்தியக் காய்க்குக் கதவடைத்தபோது ஏற்றுமதி அடிவாங்கியது. 2024-ல் இடுக்கியில் கொளுத்திய கோடை ஏலச்செடிகளைக் கருக்கியது; குவாத்தமாலாவிலும் விளைச்சல் குறைந்தது; விலை திரும்பியது. செடி வாடுவதைத் தோட்டக்காரர் வரைபடத்துக்கு முன்பே பார்த்துவிடுகிறார். அந்த வகையில் நகரத்தில் திரை முன் அமர்ந்திருப்பவரைவிட மலைமேல் இருப்பவர் ஒரு படி முன்னால்.

மிளகு தந்த பாடம்

கோடு எவ்வளவு குருடாக இருக்க முடியும் என்பதற்குக் கொச்சியில் நடந்ததே சாட்சி. முன்பேர வர்த்தகத்தில் மிளகுக்கு நீண்ட வரலாறு உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் இதற்கென்றே ஒரு வணிகர் சங்கம் 1957-லிருந்து சந்தை நடத்தியது. பிற்பாடு என்.சி.டி.இ.எக்ஸ். என்ற தேசிய அளவிலான சந்தையின் திரைக்கு வியாபாரம் நகர்ந்தது. நாடெங்கும் இருந்தவர்கள் மிளகின் வரைபடத்தைப் பார்த்து வாங்கினார்கள், விற்றார்கள்.

2012 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தச் சந்தையோடு தொடர்புடைய கொச்சிக் கிடங்குகளுக்கு சீல் வைத்தார்கள். அங்கே இருந்த 6,000 டன்னுக்கும் மேலான மிளகில் மினரல் ஆயில் கலந்திருப்பதாகக் குற்றச்சாட்டு. காசு கொடுத்தவர்களின் சரக்கு முடங்கியது. 2013-ல் மிளகு முன்பேர வர்த்தகமே நின்றது. அதுவரையிலான விலைக்கோட்டில் எண்ணெய்ப் பிசுக்கு எங்கேயும் தெரியவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஈடாக எந்த ஆதரவு நிலையும், எந்த நகரும் சராசரியும் இல்லை.

ஏலக்காய்க்கும் முன்பேர வர்த்தகம் வந்தது. மும்பையின் எம்.சி.எக்ஸ். சந்தை 2006-ல் தொடங்கியது. சரக்கு ஒப்படைக்கும் இடம் வண்டன்மேடு. இத்தகைய சந்தைகளைக் கண்காணித்த முன்பேர வர்த்தக ஆணையம் 2015 செப்டம்பரில் செபியுடன் இணைக்கப்பட்டது. ஆள் குறைவான சந்தையில் இன்னொரு சிக்கல் உண்டு: ஒரு பெரிய கை நுழைந்தால் கோடு தாறுமாறாக ஓடும். அதைப் போக்கு என்று நினைத்துப் பின்னால் ஓடுபவர் மாட்டிக்கொள்வார்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

அப்படியானால் வரைபடம் வெறும் ஜோசியமா? ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்சி. பழைய விலையை வைத்து எதிர்கால விலையைப் பிடிக்க முடியாது என்ற கருத்துக்கு 1970-ல் யூஜின் ஃபாமா எழுதிய கட்டுரை தூணாக நிற்கிறது. 1992-ல் பிராக், லகோனிஷோக், லெபரான் என்ற மூவர், அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் 1897 முதல் 1986 வரையிலான விலைகளைச் சோதித்து, நகரும் சராசரி போன்ற எளிய விதிகளுக்கும் ஓரளவு கணிக்கும் திறன் இருந்ததாகச் சொன்னார்கள். 1999-ல் வேறு மூவர் அதையே நீட்டிச் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கான விதிகளில் மிகச் சிறந்ததாகத் தெரிந்த விதி, அடுத்த பத்தாண்டுகளில் அந்தப் பலனைத் தரவில்லை. கடந்த காலத்துக்குப் பொருத்தமாகச் சட்டை தைப்பது எளிது. வரப்போகும் ஆளுக்கு அது சேருமா என்பதே கேள்வி.

விதி சரியாகவே வேலை செய்தாலும் கணக்கு உதைக்கும். பத்து முறை வியாபாரம் செய்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு முறை தலா 3,000 ரூபாய் லாபம். ஆறு முறை தலா 1,500 ரூபாய் நஷ்டம். 12,000-லிருந்து 9,000 போனால் மீதி 3,000. ஒவ்வொரு முறையும் தரகு, வரி, இதர செலவு 200 ரூபாய் என்றால் 2,000 அங்கே போய்விடும். கையில் நிற்பது 1,000. இதில் ஒரே ஒரு தடவை, 'விலை திரும்பி வரும்' என்று காத்திருந்து நஷ்டத்தை 1,500-லிருந்து 4,000 ஆக்கிவிட்டால் பத்து தடவை உழைப்பும் வீண், கைமுதலும் கரையும்.

கைமுதலுக்கு மீறிய அளவும் ஆபத்து. ஒரு லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் ஒரு வியாபாரத்தில் 2 சதவீதத்துக்கு மேல், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் இழக்கத் தயாராக இருக்கக் கூடாது என்பது அனுபவசாலிகளின் விதி. கிலோ 2,500-க்கு வாங்கி, 2,400-க்கு வந்தால் வெளியேறுவது அவர் திட்டம் என்றால் கிலோவுக்கு 100 ரூபாய் ஆபத்து. ஆகவே அவர் வாங்கத் தகுந்தது 20 கிலோ. எம்.சி.எக்ஸ். ஏலக்காய் ஒப்பந்தம் ஒன்றின் அளவோ 100 கிலோ. வாங்கிய கணத்திலேயே அவர் ஆபத்து ஐந்து மடங்கு ஆகிவிடுகிறது. அதோடு, கைமுதலில் பாதி போனால் பழைய நிலைக்கு வர மிச்சப் பணம் இரண்டு மடங்காக வேண்டும்.

பங்குச் சந்தையின் முன்பேர, ஆப்ஷன் வர்த்தகத்தில் இது எப்படி முடிகிறது என்பதை செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் அங்கே இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். செலவையும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1 சதவீதம் மட்டுமே. இவர்கள் எல்லோரும் வரைபடம் பார்த்துத்தான் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதையும் அதே அறிக்கை காட்டியது. பெரிய நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பகுதி தானியங்கிக் கம்ப்யூட்டர் நிரல்கள் மூலம் வந்தது. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை நாம் பார்ப்பதற்குள் இயந்திரம் பார்த்துவிடுகிறது.

இதற்கிடையே வித்தை கற்றுத் தருவதே தனித் தொழிலாகிவிட்டது. 'பாப் ஆஃப் சார்ட்', அதாவது வரைபடத்துக்கே அப்பன், என்ற பெயரில் இயங்கிய ஒருவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. பதிவு பெறாமல் ஆலோசனை வழங்கித் திரட்டியதாகச் சொல்லப்பட்ட 17 கோடி ரூபாய்க்கு மேலான தொகையைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. அவருடைய சொந்த வியாபாரத்தில் இரண்டரை ஆண்டுகளில் இரண்டரைக் கோடிக்கு மேல் நஷ்டம் என்பதும் அந்த உத்தரவிலேயே வெளிவந்தது. பங்குச் சந்தைக் கல்வி மட்டும் தருவதாகச் சொல்பவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைக் காட்டிப் பாடம் நடத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியது. நேற்றைய விலையைக் காட்டி 'நாளைக்கு இதை வாங்கு' என்பவர் பாடம் நடத்தவில்லை, ஆலோசனை விற்கிறார் என்பது அதன் பொருள்.

தோட்டக்காரருக்கு என்ன பயன்?

வரைபடத்தை முழுவதுமாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வாங்கி விற்பவரைவிட விளைவிப்பவருக்கே அது அதிகம் உதவக்கூடும். அவர் கையில் சரக்கு இருக்கிறது; சூதாட வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் எதிர்கொள்ளும் கேள்விகள் இரண்டு: எப்போது விற்பது, எப்போது நடுவது.

விற்பதற்கு ஒரு வழி, சரக்கைப் பிரிப்பது. காய்ந்த காய் 300 கிலோ இருந்தால், கூலிக்கும் உரத்துக்கும் வேண்டியதை உடனே விற்றுவிடலாம். மீதியை, சராசரி விலைக்கோடு மேல்நோக்கி இருக்கும்வரை வைத்திருந்து, அது கீழே திரும்பினால் தயங்காமல் ஏலத்துக்கு அனுப்பலாம். உச்ச விலை கிடைக்காது. அடிமாட்டு விலைக்கும் போகாது. காத்திருப்பதற்கும் வரம்பு உண்டு. ஈரம் பட்டால் காயின் பச்சை போகும். பச்சை போனால் விலை போகும்.

நடுவதற்கோ தினசரி வரைபடம் எதிரி. நட்ட ஏலச்செடி பலன் தர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். 2019 உச்சியைப் பார்த்து நட்டவர், காய் பறிக்கும் வேளையில் 2021, 2022 சரிவில் வந்து நின்றார். தோட்டக்காரர் பார்க்க வேண்டியது பதினைந்து, இருபது ஆண்டுக் கோடு. அதில் உச்சிகள் குறுகியவை, பள்ளங்கள் நீண்டவை என்பது தெரியும். உச்சி விலையை நம்பி வாங்கும் கடனைப் பள்ளத்து விலையில்தான் அடைக்க வேண்டியிருக்கும். அந்த நஷ்டம் தோட்டத்தோடு நிற்காது. கூலி வேலைக்காகத் தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போகிறவர்களுக்கு வேலை நாள் குறையும்.

இனி பாலக்காட்டு நேர்கோட்டுக்கு வருவோம். ஆபத்தே இல்லாத கோடு போலத் தோன்றும் அதற்குள்ளும் ஓர் இறக்கம் ஒளிந்திருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளில் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 20 ரூபாய் 40 காசிலிருந்து 23 ரூபாயாக ஏறியது. அதே அளவுக்கு மாநில அரசு தன் ஊக்கத் தொகையை 7 ரூபாய் 80 காசிலிருந்து 5 ரூபாய் 20 காசாகக் குறைத்துக்கொண்டது. விவசாயி கைக்கு வந்தது அதே 28 ரூபாய் 20 காசு. கூலியும் உழவுச் செலவும் ஏறிக்கொண்டே இருக்க, விலை மட்டும் நின்றது. செலவையும் சேர்த்து வரைந்தால் அந்த நேர்கோடு சாய்ந்து இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்க்க ஆர்.எஸ்.ஐ. தேவையில்லை, வரவு செலவு நோட்டு போதும்.

மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, விலைக்கோடு நடந்ததை ஒழுங்காகச் சொல்லும். எவ்வளவு இழக்கலாம், எப்போது விலகலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள உதவும். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர் மழையையும், கிடங்கையும், அரசாணையையும் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்க்கிறார். புற்றடியில் விலை கேட்கும் வியாபாரிகள்கூட, திரையில் எண் ஓடுவதற்கு முன்னால் காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறார்கள்.